எந்தப் பிரதிக்குத் தீர்ப்பு? விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்களின் தரநிர்ணயம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்களுள் தலைசிறந்தது எது என்னும் வினா, அத்தகைய படங்களை விரும்பிப் பார்ப்போர் கூடுமிடமெல்லாம் எழுவதொன்று. விடைகள் ஒத்துவருவதில்லை. ஒருவர் ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ என்பார், மற்றொருவர் ‘பிளேட் ரன்னர்’ என்பார், ருஷ்யப் படமான ‘சொலாரிஸ்’ இருக்க இவற்றைப் பேசுவதேன் என்பார் மூன்றாமவர். சுவை வேறுபாடு என்று கூறி இவ்விவாதத்தை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் இவ்விவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து, விவாதித்தோர் பலவேளைகளில் ஒரே படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை என்ற உண்மை புலப்படும்.

இவ்வகைப் படங்கள் திரைப்படக் கலையின் தொடக்கம் முதலே இருந்து வந்துள்ளன. லூமியேர் சகோதரர் பாரிஸ் நகரிலே தம் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டி ஏழாண்டுகள் கழியுமுன்னரே, 1902 இல், ஜோர்ஜ் மெலியேஸ் மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிப் படமெடுத்துவிட்டார். எனினும் இவை தீவிரமான விமர்சனத்துக்குரியவை என்ற எண்ணம் வேரூன்ற நெடுங்காலம் பிடித்தது. 1958 ஆம் ஆண்டு பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியையொட்டித் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் தெரிந்தெடுத்த 12 சிறந்த படங்களுள் விஞ்ஞானப் புனைகதை ஒன்றேனும் இடம்பெறவில்லை. பிரித்தானியச் சஞ்சிகையான ‘சைற் அன்ட் சவுண்ட்’ 1952 முதல் பத்தாண்டுக்கொருமுறை விமர்சகர்களிடையே நடத்திவரும் வாக்கெடுப்பிலும் முதற் பத்து இடங்களுக்குள் இத்தகைய படமொன்று நுழைந்தது 1992 இலேதான். குப்ரிக்கின் ‘2001’ அவ்வாண்டில் பத்தாம் இடத்தைப் பெற்றது. அப்போது அப்படம் வெளிவந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தகைய பட்டியல்கள் யாவும் ஓர் எடுகோளை அடிப்படையாகக் கொண்டவை. படம் என்பது ஒருமுறை எடுக்கப்பட்டதும் மாறாதிருக்கும் பொருள், அதனை மதிப்பிடுவோரின் கண்களே மாறுகின்றன என்பதே அவ்வெடுகோள். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த அறிஞர்கள் பாடபேதம் என்ற சொல்லால் குறித்த சிக்கல் திரைப்படத்துக்கு இல்லையென்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். உண்மை நிலை வேறு. இத்துறையில் மிகப் பெரிதாகப் பேசப்படும் படங்களுட் பல, வெளியிட்டோர் கையாலோ தணிக்கையாளர் கையாலோ நெறியாளர் கையாலேயோ வெட்டியும் ஒட்டியும் மாற்றப்பட்டவை.

இதற்கு முதற்சான்று ‘மெற்றோபொலிஸ்’. பிரிட்ஸ் லாங் நெறியாள்கை செய்து, அவருடைய மனைவி தெயா வொன் ஹார்போ கதையெழுதிய இந்த ஜேர்மானிய மௌனப் படம் 1927 ஜனவரி 10 ஆந் திகதி பேர்லினில் முதன்முறை காட்டப்பட்டது. அப்போது அதன் நீளம் 4,189 மீற்றர். ஐம்பது இலட்சம் மார்க்குக்கு மேல் விழுங்கிய அப்படம் தயாரிப்பு நிறுவனமான ஊபாவை வீழ்ச்சியின் விளிம்புக்கே கொண்டுசென்றது. முழுப் படம் பேர்லினில் ஒரு சில மாதங்களே ஓடிற்று. அமெரிக்காவில் வெளியிடுவதற்காக, சானிங் பொலொக் என்னும் நாடகாசிரியர் அதனை வெட்டிக் கதையையும் மாற்றியமைத்தார். ஏறத்தாழக் காற்பங்கு நீக்கப்பட்டது. பின்னர் ஜேர்மனியிலும் சுருக்கிய வடிவமே திரையிடப்பட்டது. இவ்வாறு நீங்கியவற்றுள் ஹெல் என்னும் பெண்ணின் கதை முக்கியமானது. நகரத்தின் அதிபனாகிய பிரெடர்சனும் ரொட்வாங் என்னும் விஞ்ஞானியும் ஒருகாலத்தில் நேசித்த பெண் அவள். அதிபனை மணந்து அவனுடைய மகனைப் பெற்றபோது இறந்துபோனவள். அவளது பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்திருந்தமையும் அவளைத் தூக்கியெறியக் காரணமாயிற்று என்பர். அவள் போனதும் விஞ்ஞானியின் பகைமைக்கு வேரில்லாமற் போயிற்று. அவன் ஏன் இயந்திரப் பெண்ணை ஆக்குகிறான், ஏன் தன்னை ஏவியவனையே அழிக்க முயல்கிறான் என்பன விளங்காத புதிர்களாயின.

ஆங்கில உலகின் தீர்ப்பு இந்தச் சிதைந்த பிரதியின் மீதே வழங்கப்பட்டது. விஞ்ஞானப் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவரான எச். ஜீ. வெல்ஸ் 1927 ஏப்பிரல் 17 ஆந் திகதி ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையிலே, இதனைவிட மடமை மிக்கதொரு படத்தை எடுத்தல் அரிது என்ற பொருள்பட எழுதினார். ஏளனத்தை விலக்கிப் பார்த்தால் அவருடைய கண்டனத்தில் ஆழமான வாதமொன்று உண்டு. இயந்திரம் மனித உழைப்பின் சுமையைக் குறைப்பதற்காகவே தோன்றியது. ஆகவே இயந்திரமயமான எதிர்கால நகரமொன்று அடிமைகளைப் போன்ற தொழிலாளர் கூட்டத்தின் முதுகில் நிற்கும் எனல் பொருளியலுக்கு முரணானது. பண்டங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் சமுதாயம் அவற்றை வாங்கவல்ல மக்களையும் வேண்டிநிற்கும். இவையே அவரது தருக்கத்தின் சாரம். அதே ஆண்டில், அப்போது இளம் விமர்சகராயிருந்த லூயி புனுவேல் வேறொரு முடிவுக்கு வந்தார். கதையாக நோக்கின் படம் இழிவானது, காட்சிக் கவிதையாக நோக்கின் வியக்கத்தக்கது, இரண்டு படங்கள் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன என்பது அவருடைய கணிப்பு. உலகப் போருக்குப் பின்னர், 1947 இல், சீக்பிரீட் கிராக்கவர் இப்படத்தை அரசியல் நோக்கில் ஆராய்ந்தார். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையில் ‘இதயம்’ நின்று சமரசம் செய்யும் என்ற அதன் முடிவு சர்வாதிகாரப் பிரசாரத்துக்கு எவ்வளவு அண்மையில் நின்றது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

காணாமற்போன பகுதிகள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின்னர் ஆர்ஜென்ரீனாவில் அகப்பட்டன. சுருக்கப்படாத வடிவிலேயே 1928 இல் அந்நாட்டுக்குச் சென்ற ஒரு பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட 16 மில்லிமீற்றர் படச்சுருள், புவனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட நூதனசாலையில் இருந்தது. பெர்னாண்டோ பேன்யா என்னும் திரைப்பட வரலாற்றாசிரியர், பழைய திரைப்படக் கழகமொன்றில் இப்படத்தை ஓட்டுகையில் சுருள் நழுவாதிருக்க இரண்டு மணிநேரத்துக்கு மேலாக விரலால் அழுத்திக்கொண்டிருக்க நேர்ந்தது என்று ஒருவர் சொல்லக் கேட்டிருந்தார். உலகம் அறிந்த பிரதி எதுவும் அத்துணை நேரம் ஓடாதே என்ற ஐயமே அவரைத் தேட வைத்தது. 2008 இல் சுருள் பெட்டியிலிருந்து வெளிவந்தது. கீறல்கள் மலிந்திருப்பினும், ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் மீண்டன. 2010 பெப்ரவரி 12 ஆந் திகதி செப்பனிட்ட படம் பேர்லினில் திரையிடப்பட்டது.

இம்மீட்பு பழைய தீர்ப்புகளை மாற்றியதா? ஓரளவுக்கே. கதை குழம்பிக்கிடக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுவிழந்தது. ரொட்வாங்கின் பகைமைக்கு வேர் கிடைத்தது. கிளைக்கதைகள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. ஆனால் வெல்ஸின் பொருளியல் மறுப்புக்கு மீட்கப்பட்ட எந்தக் காட்சியும் விடையளிக்கவில்லை. கிராக்கவரின் மறுப்பும் அவ்வாறே நிற்கிறது. ஹெல்லைத் திரும்பப் பெற்ற பின்னும் அந்த முடிவு பலவீனமான முடிவே. லாங்கும் பிற்காலத்தில் அதனைக் குறித்து மனநிறைவு கொள்ளவில்லை. விமர்சனத்தில் எப்பகுதி பிரதியைச் சார்ந்தது, எப்பகுதி படைப்பைச் சார்ந்தது என்று பிரித்தறிய ‘மெற்றோபொலிஸ்’ போல வாய்ப்பளிக்கும் படம் வேறில்லை. வெல்ஸ் தம் கொள்கைக்கேற்ப ஒரு படத்தை ஆக்க விரும்பி ‘திங்ஸ் ரு கம்’ என்ற திரைக்கதையை எழுதினார் என்பதும், ‘மெற்றோபொலிஸ்’ படத்தில் உள்ளவற்றைத் தவிர்க்குமாறு அதன் கலைஞர்களுக்குக் குறிப்பனுப்பினார் என்பதும் ஈண்டுக் கூறத்தக்கன. 1936 இல் வெளிவந்த அப்படத்தில் தருக்கம் செம்மையாக உள்ளது. மனிதர் மட்டும் மேடைப் பேச்சாளராக நிற்கின்றனர். அதுவும் வெளிவந்த பின் வெட்டப்பட்டதென்பது விதியின் கேலி போலும்.

யப்பானியப் படமான ‘கொட்சிலா’வுக்கு நேர்ந்தது இதனினும் கொடுமையானது. 1954 மார்ச்சில் பிகினித் தீவருகே அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது படிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே இஷிரோ ஹொண்டாவின் படம் வெளிவந்தது. குண்டினால் விழித்தெழுந்த விலங்கு தோக்கியோவை எரிப்பதைக் கண்ட மக்களுக்கு அது வேடிக்கையாயிருக்கவில்லை; அந்நகரம் போரிலே எரிந்து ஒன்பதாண்டுகளே கழிந்திருந்தன. 1956 இல் அமெரிக்க வெளியீட்டாளர் அதனைக் கொத்திப் பிளந்து, அமெரிக்க நடிகரான றேமண்ட் பர் தோன்றும் புதிய காட்சிகளை நடுவே செருகினர். மூலத்தின் 96 நிமிடங்கள் 80 ஆயின. குண்டுச் சோதனை பற்றிய கூர்மையான பேச்சுகள் பெரும்பாலும் மறைந்தன. யப்பானுக்கு வெளியே பல நாடுகளில் அறிமுகமானது இவ்வடிவமே. மூலப்படம் அமெரிக்காவில் பரவலாகத் திரையிடப்பட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘கொட்சிலா’ என்றதும் சிறுவர்க்கான விலங்குப் படம் என்று அரைநூற்றாண்டாக எழுதியவர்கள் பொய்யெழுதவில்லை. தங்களுக்குக் காட்டப்பட்டதைப் பற்றி எழுதினர்.

இனி, பட்டியல்களில் இன்று முடிசூடியிருக்கும் ‘2001’ படத்துக்கு வரலாம். இலங்கை வாசகர்க்கு இதனோடு நேரடித் தொடர்பொன்றுண்டு. ஸ்ரான்லி குப்ரிக்குடன் சேர்ந்து இதன் கதையை ஆக்கிய ஆதர் சீ. கிளார்க் 1956 இல் இந்நாட்டுக்கு வந்து, 2008 இல் இறக்கும்வரை கொழும்பையே இருப்பிடமாகக் கொண்டிருந்தார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். அவருடைய கடலடித் தோழரான மைக் வில்சன் 1962 இல் நெறியாள்கை செய்த ‘ரன் முத்து தூவ’, வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதலாவது முழுநீளச் சிங்களப் படமாகும். 1964 ஏப்பிரலில் நியூயோர்க்கில் குப்ரிக்கும் கிளார்க்கும் சந்தித்தனர். சந்திரனில் அன்னியரால் வைக்கப்பட்ட ஒரு காவற்பொருளைப் பற்றிக் கிளார்க் முன்னர் எழுதிய ‘த சென்ரினல்’ என்னும் சிறுகதை வித்தாயிற்று. நாவலும் திரைக்கதையும் அருகருகே வளர்ந்தன. நாவலில் விண்கலம் சனிக் கிரகத்துக்குச் செல்ல, படத்திலோ வியாழனுக்குச் செல்கிறது. கதையே இரு பாடங்களாகப் பிறந்தது என்க. நாவலில் கிளார்க் விளக்கிக் கூறியவற்றுட் பெரும்பகுதியைக் குப்ரிக் படத்தில் விளக்காமலே விட்டார். விண்வெளியில் ஒலியில்லை என்ற விதியை மதித்து, நீண்ட காட்சிகளை மூச்சொலியோடு மட்டும் விட்ட துணிவும் அவருடையதே.

1968 ஏப்பிரல் 2 ஆந் திகதி வாஷிங்டனிலும் மறுநாள் நியூயோர்க்கிலும் படம் திரையிடப்பட்டது. அப்போது அதன் நீளம் ஏறத்தாழ 160 நிமிடங்கள். பார்வையாளருட் சிலர் இடையில் எழுந்து சென்றனர். குப்ரிக் உடனடியாக 19 நிமிடங்களை வெட்டினார். முதல்வார விமர்சனங்களுட் பல கடுமையானவை. ‘நியூயோர்க் ரைம்ஸ்’ விமர்சகரான றெனாற்றா அட்லர், மனத்தை மயக்குவதற்கும் சலிப்பூட்டுவதற்கும் இடைப்பட்டதாக அதனைக் கண்டார். போலின் கேல் அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில் கற்பனை வறுமையின் சின்னமாகவே அதனைச் சித்திரித்தார். ஒஸ்கார்ப் பரிசளிப்பில் சிறந்த படங்களுக்கான பரிந்துரையிற்கூட அது இடம்பெறவில்லை, அப்பரிசு ‘ஒலிவர்!’ என்னும் இசைப்படத்துக்குச் சென்றது. ‘2001’ பெற்றது காட்சி விந்தைகளுக்கான பரிசொன்றே. ஒப்பனைக்கான சிறப்புப் பரிசு ‘பிளனற் ஒவ் த ஏப்ஸ்’ படத்துக்குப் போனபோது, ‘2001’ படத்தின் குரங்குகள் நடிகர்களே என்பதை நடுவர்கள் அறியவில்லை போலும் என்று கிளார்க் கேலியாகக் கூறியதுண்டு.

வெட்டப்பட்ட 19 நிமிடங்கள் அத்தீர்ப்புகளுக்குக் காரணமா என்று கேட்பின், இல்லை என்றே கூறவேண்டும். ‘மெற்றோபொலிஸ்’ போலன்றி, இங்கு வெட்டியவர் படைத்தவரே; வெட்டினால் கதையின் எலும்பு முறியவுமில்லை. நீண்ட வடிவத்தில் தயங்கியவர்கள் குறுகிய வடிவத்திலும் தயங்கினர். மாறியது பார்வையாளர் கூட்டம். நடுவயது விமர்சகர் கைவிட்ட படத்தை இளைஞர் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். உரையாடல் குறைந்த, விளக்கம் மறுக்கும், இசையாலும் உருவத்தாலும் பேசும் படத்தை அவர்கள் நாடகமாக எதிர்பார்க்கவில்லை, அனுபவமாக ஏற்றுக்கொண்டனர். தயாரிப்பு நிறுவனமும் அதனையுணர்ந்து விளம்பரத்தின் தொனியை மாற்றியது. விமர்சகருள்ளும் நேர்மையாளர் இருந்தனர். முதலில் படத்தை நிராகரித்த அன்ட்ரூ சாரிஸ் பின்னர் மீண்டும் பார்த்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக எழுதினார். ‘நியூஸ்டே’ பத்திரிகையின் ஜோசப் கெல்மிசும் முதல் விமர்சனத்துக்கு மாறான இரண்டாவது விமர்சனத்தை வெளியிட்டார். இத்தகைய திருத்தங்கள் விமர்சன உலகில் அரியன. தவறை ஏற்றலால் விமர்சகனின் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோர் இவ்விருவரையும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. திரைப்பட விமர்சகர் தடுமாறிய வேளையில் விஞ்ஞானப் புனைகதையின் வாசகர் தடுமாறவில்லை. உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டின் உறுப்பினர் வாக்களித்து வழங்கும் ஹியூகோ விருது 1969 இல் ‘2001’ படத்துக்கே கிடைத்தது. அவ்வாக்காளர் தாராளமனத்தினரும் அல்லர். 1977 இல் அப்பிரிவில் எப்படமும் தகுதியுடையதன்று என்று விருதையே வழங்காது விட்டனர். கிளார்க்கின் வாசகர்க்கு அன்னிய அறிவு, பரிணாமத்தின் அடுத்த படி, சிந்திக்கும் கணனி ஆகியன புதியனவல்ல. மற்றையோர் புதிரென்று கண்டவிடத்து அவர்கள் பழகிய கருப்பொருளைக் கண்டனர். இத்துறையின் தரநிர்ணயத்தில் நூல்வாசிப்புக்குள்ள பங்கை இதுகாறும் எழுதியோர் போதியளவு கவனிக்கவில்லை.

‘2001’ படத்தின் மீதான மிகக் கனமான மறுப்பு நியூயோர்க்கிலிருந்தன்றி மொஸ்கோவிலிருந்தே வந்தது எனலாம். ஸ்ரனிஸ்லாவ் லெம் 1961 இல் போலிஷ் மொழியில் எழுதிய ‘சொலாரிஸ்’ நாவலைப் படமாக்க முனைந்திருந்த அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி, அக்காலத்து நேர்காணலொன்றில் குப்ரிக்கின் படம் பலவிடங்களில் செயற்கையானது என்றார். எதிர்காலத்தின் கருவிகளைக் காட்சிப்பொருளாக வியந்து காட்டினால் உணர்வு உறைந்துவிடும். பயணி ஒருவன் புகையிரத நிலையத்தைக் காண்பது போல விண்வெளி நிலையம் இயல்பாகக் காட்டப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவேதான் அவரது விண்வெளி நிலையத்தில் நூலகமும் மெழுகுதிரியும் பழைய ஓவியங்களும் உள்ளன. எதிர்கால நகரமாகக் காட்டப்படுவது தோக்கியோவின் நெடுஞ்சாலைகளேயன்றி வேறில்லை. படம் 1972 இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும்பரிசைப் பெற்றது. சோவியத்து அதிகாரிகள் நீண்டதொரு திருத்தப் பட்டியலைக் கொடுத்தும் நெறியாளர் பெரும்பாலானவற்றுக்கு இணங்காதிருந்தார். அமெரிக்காவுக்கு 1976 இல் சென்ற பிரதியோ ஏறத்தாழ அரைமணிநேரம் குறைந்தது. ஆழ்ந்த மௌனத்தையே மொழியாகக் கொண்ட படத்தில் அரைமணிநேரத்தைக் குறைத்தல் என்பது, விருத்தத்தில் ஓரடியைக் குறைத்துவிட்டுப் பொருள் இருக்கிறதே என்பதற்கு ஒப்பாகும்.

இங்கு விவாதத்தின் விநோதம் யாதெனில், படத்தை மிக வன்மையாக மறுத்தவர் நாவலாசிரியரே என்பதாகும். மனிதனால் அறியமுடியாத அன்னிய அறிவொன்றின் முன் விஞ்ஞானம் தடுமாறுவதை லெம் எழுதினார். தார்க்கோவ்ஸ்கியோ, இறந்த மனைவியின் உருவில் திரும்பிவரும் குற்றவுணர்வையும் பூமியின் மீதான ஏக்கத்தையும் படமாக்கினார். தம் நாவலை விட்டுத் தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலையே அவர் படமாக்கிவிட்டார் என்று லெம் குறைகூறினார். இருவரும் தத்தம் அளவில் சரியானவரே. விஞ்ஞானப் புனைகதையின் நோக்கம் அறிவின் எல்லையைச் சோதித்தல் எனின் லெம் வெல்வார். மனச்சாட்சியைச் சோதித்தல் எனின் தார்க்கோவ்ஸ்கி வெல்வார். தார்க்கோவ்ஸ்கிக்கும் மனநிறைவில்லை, விண்கலங்களும் நிலையமும் தமக்குத் தடையாயின என்று பின்னர் கருதிய அவர், 1979 இல் வெளிவந்த ‘ஸ்ரோக்கர்’ படத்தில் அவற்றை அடியோடு நீக்கினார். விமர்சகர் பட்டியல்களில் இன்று ‘சொலாரிஸ்’ படத்தினும் ‘ஸ்ரோக்கர்’ உயரத்தில் நிற்பதற்கு அந்தத் துறவும் ஒரு காரணமாகும்.

பிரதியும் பார்வையாளரும் ஒருங்கே மாறிய படம் ‘பிளேட் ரன்னர்’. பிலிப் கே. டிக் 1968 இல் எழுதிய நாவலைத் தழுவி றிட்லி ஸ்கொற் இதனை உருவாக்கினார். படத்தின் சில பகுதிகளை மட்டும் கண்டு மகிழ்ந்த டிக், 1982 மார்ச்சில், படம் வெளிவர நான்கு மாதங்கள் இருக்கையிலே இறந்துபோனார். அம்மாதமே டென்வரிலும் டலஸிலும் நடத்திய முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர் குழம்பினர் என்று கண்ட தயாரிப்பாளர், கதாநாயகனின் பின்னணிக் குரலுரையை நெடுகச் சேர்த்தனர். இருள் சூழ்ந்த முடிவுக்குப் பின்னால், காதலர் இருவர் பசிய மலைகளிடையே வாகனத்திற் செல்லும் காட்சியையும் ஒட்டினர். அம்மலைக் காட்சிகள் குப்ரிக் தமது ‘த ஷைனிங்’ படத்துக்காக எடுத்து எஞ்சியிருந்த சுருள்களிலிருந்து பெறப்பட்டவை. ஒரு பெரும் படைப்பாளியின் கழிவுச்சுருள் மற்றொருவரின் படத்துக்குப் பொய்முடிவாக அமைந்தது.

1982 ஜூன் 25 ஆந் திகதி படம் வெளிவந்தபோது, இரு வாரங்களுக்கு முன் வந்த ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ. ரி.’ அமெரிக்காவின் திரையரங்குகளைப் பிடித்திருந்தது. அன்புள்ள அன்னியனைக் கண்டு அழுத மக்கள், மழைபெய்யும் லொஸ் ஏஞ்சலிஸில் செயற்கை மனிதரை வேட்டையாடும் களைத்த காவலனைக் காண விரும்பவில்லை. அமெரிக்க வசூல் படச்செலவை ஒட்டியே நின்றது. காட்சிகளைப் போற்றிய விமர்சகர் பலர் மனிதம் இல்லையென்று குறைப்பட்டனர். ஆயினும் 1983 இல் ஹியூகோ வாக்காளர் ‘ஈ. ரி.’ படத்தை விட்டு இதற்கே விருதளித்தனர். பின்னணிக் குரலும் பொய்முடிவும் கொண்ட பிரதிக்கே அவர்கள் அவ்விருதை அளித்தனர் என்பது, பிரதியே எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் என்று கூற முற்படுவோரைத் தடுத்து நிறுத்தவேண்டும்.

1990 இல் லொஸ் ஏஞ்சலிஸ் திரையரங்கொன்றில் குரலுரை பெரும்பாலும் நீங்கிய தொடக்க காலப் பிரதியொன்று காட்டப்பட்டது. அதற்குத் திரண்ட கூட்டம் 1992 இல் ‘நெறியாளர் பதிப்பு’ ஒன்றுக்கு வழிவகுத்தது. ஸ்கொற்றின் முழுக் கட்டுப்பாட்டில் ஆக்கப்பட்ட இறுதிப் பதிப்பு 2007 இல் வந்தது. குரலுரை போயிற்று; மலைகளும் போயின; கதாநாயகன் காணும் ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவொன்று சேர்ந்தது. கடைசிக் காட்சியில் அவன் கையில் அகப்படும் காகிதக் குதிரையோடு அக்கனவைச் சேர்த்துப் பார்த்தால், வேட்டையாடுபவனும் செயற்கை மனிதனே என்ற ஐயம் பிறக்கிறது. ஸ்கொற் அதுவே உண்மை என்கிறார். கதாநாயகனாக நடித்த ஹரிசன் போர்ட் அவன் மனிதனே என்று வாதிட்டவர். ஆக, வெட்டி ஒட்டியதால் இங்கு மாறியது படத்தின் மையவினாவே. 1982 ஆம் ஆண்டுப் பிரதியில் செயற்கை மனிதர்க்கு ஆன்மா உண்டா என்பது வினா. பிந்திய பிரதிகளிலோ மனிதன் தான் மனிதன் என்பதை எவ்வாறு அறிவான் என்பது வினா. மனிதன் தன் அடிமையிடமிருந்து கருணையைக் கற்றுக்கொள்ளும் கதை என்ற வகையில் முந்திய வினாவே ஆழமானது என்று வாதிட இடமுண்டு. வேட்டையாடுபவனும் செயற்கையாயின் அக்கருணைக்கு என்ன பொருள்?

பட்டியல்கள் இத்தகைய சிக்கல்களைத் தாங்கா. 2004 இல் ‘கார்டியன்’ பத்திரிகை விஞ்ஞானிகள் பலரிடம் கேட்டுத் தொகுத்த பட்டியலில் ‘பிளேட் ரன்னர்’ முதலிடத்தையும் ‘2001’ இரண்டாமிடத்தையும் பெற்றன. ‘சொலாரிஸ்’ ஐந்தாவதாக வந்தது. 2008 இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் வெளியிட்ட பட்டியலில் ‘2001’ முதலாவதாகவும் ‘ஸ்ரார் வோர்ஸ்’ இரண்டாவதாகவும் ‘ஈ. ரி.’ மூன்றாவதாகவும் நிற்க, ‘பிளேட் ரன்னர்’ ஆறாமிடத்துக்கு இறங்கியது. அமெரிக்கப் படங்களையே கருதிய அப்பட்டியலில் லாங்குக்கும் தார்க்கோவ்ஸ்கிக்கும் இடமிருக்க நியாயமில்லை. விஞ்ஞானிகள் வானியற் செம்மைமிக்க ‘2001’ படத்தைத் தள்ளி, ஆய்வுக்கூடம் எதுவுமே சரியாகக் காட்டப்படாத ‘பிளேட் ரன்னர்’ படத்தைத் தெரிந்தது சிந்தனைக்குரியது. எதிர்காலத்தைச் சரியாக முற்கூறுதலே இப்படங்களின் அளவுகோல் என்ற பழைய எண்ணம் அவர்களிடத்தும் இல்லை. 2001 ஆம் ஆண்டும் கழிந்தது. ‘பிளேட் ரன்னர்’ கதை நிகழும் 2019 உம் கழிந்தது. சந்திரனில் குடியிருப்பும் இல்லை, பறக்கும் காவல் வாகனமும் இல்லை. அதனால் இவ்விரு படங்களின் மதிப்பும் குறையவில்லை.

2022 இல் ‘சைற் அன்ட் சவுண்ட்’ நடத்திய வாக்கெடுப்பில் 1,600 க்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். ‘2001’ ஆறாமிடத்தில் நின்றது. திரைப்பட நெறியாளர்கள் தனியாக அளித்த வாக்குகளில் அதுவே முதலாவது. குப்ரிக் வெட்டியெறிந்த காட்சிகளின் சுருள்கள் கன்சாஸ் மாநிலத்தின் உப்புச் சுரங்கமொன்றில் பேணப்படுகின்றன. வெட்டியவர் படைத்தவர் ஆகையால் அவற்றை மீண்டும் ஒட்ட எவரும் முற்படவில்லை. அதே விமர்சகர் பட்டியலில் ‘ஸ்ரோக்கர்’ 43 ஆம் இடத்திலும் ‘பிளேட் ரன்னர்’ 54 ஆம் இடத்திலும் உள்ளன. ‘மெற்றோபொலிஸ்’ 67 ஆம் இடத்தை வேறு படங்களோடு பகிர்ந்துகொள்கிறது. வாக்களித்தோருட் பெரும்பாலோர் பார்த்திருக்கக்கூடியவை புவனஸ் அயர்ஸ் சுருளால் நிறைவுபெற்ற ‘மெற்றோபொலிஸ்’ படமும் குரலுரை நீங்கிய ‘பிளேட் ரன்னர்’ படமுமே. பட்டியலில் அவற்றின் பெயர்களுக்கு அருகே இடப்பட்டுள்ள ஆண்டுகள் 1927 உம் 1982 உம் ஆகும்.